சரி சொல்லத் தெரியாத பெட்டிகள்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் பத்தாவது வரை படித்தவள். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கச் சொல்லி ஒரு மனு, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வாத்தியாருக்குச் சில லீவ் லெட்டர், அவ்வளவுதான். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு வாய் வராது. அப்படிப்பட்டவள், கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதுகிற ஒருவரைப் பற்றி எழுத உட்காருவது அதிகப்படி என்று எனக்கே தெரிகிறது. அவருடைய வேலையில் எனக்குப் புரிந்தது கொஞ்சம்தான். புரியாத இடத்தில் புரிந்ததுபோல் எழுத மாட்டேன். அவர் இதைப் படித்தால் முதலில் அதைத்தான் தேடுவார்.

அவர் பெயரை எழுதவில்லை. கேட்காமல் எழுதுவது முறையில்லை. கேட்கலாம் என்றால் இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை. எங்கள் எஸ்டேட்டில் நேரில் அவரை "மேடம்" என்போம். அவர் அந்தப் பக்கம் போனதும் "பொட்டிக்காரம்மா". வயது முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று இருக்கும். மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. அடிவாரத்தில் பஸ் ஏறும்போதே கையில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்வார். மேலே வந்து சேரும்போது அந்தப் பழம் நகக்கீறலாக இருக்கும். குளிருக்குக் குரங்குக் குல்லா போட்டுக்கொண்டு, பென்சிலைக் குல்லாவுக்குள் செருகியிருப்பார். பனியில் பேனா எழுதாது என்று பென்சில்.

வந்த அன்றைக்கே ரைட்டரிடம் கேட்டார். ரைட்டர் என்றால் எஸ்டேட்டில் வேலை பிரித்துக் கொடுக்கிறவர்.

"தொட்டியில தண்ணி இருக்கா?"

"இருக்குதுங்க மேடம்."

"பாத்தீங்களா?"

"எப்பவும் இருக்குமுங்க. ஊத்துத் தண்ணி, வத்தாது."

அவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, பாசி பிடித்த இரும்பு ஏணியில் ஏறிவிட்டார். நாங்கள் கூடையை இறக்கிவைத்துவிட்டு வேடிக்கை பார்த்தோம். இறங்கும்போது இரண்டு முழங்காலும் பச்சை. "முக்காத் தொட்டி இருக்கு" என்று நோட்டில் எழுதினார்.

ரைட்டருக்கு முகம் சுருங்கிவிட்டது. "அதத்தான நானும் சொன்னேனுங்க?"

"இருக்குன்னு சொன்னீங்க. முக்காத் தொட்டின்னு சொல்லலையே."

சண்டைக்கு அப்படிச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் விடவும் இல்லை. அதுதான் அவர்.

எங்கள் எஸ்டேட் சேர்வராயன் மலையில், தலைச்சோலை போகிற வழியில் இருக்கிறது. பறித்த காப்பிப் பழத்தை அன்றன்றைக்கே தோல் உரித்தாக வேண்டும், வைத்தால் புளித்துவிடும். உரிக்கிற மிஷினுக்குப் பல்பர் என்று பெயர். சரிவில் மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக இருக்கும். உச்சியில் ஊற்றுத் தண்ணீரை இழுக்கும் மோட்டார், பிறகு தண்ணீர்த் தொட்டி, பல்பரை ஓட்டுகிற மோட்டார் ரூம், பல்பர், உரித்த கொட்டையைக் கழுவுகிற வாய்க்கால், காய வைக்கிற டிரையர், அடியில் கழிவுக் குழி. ஓரிடத்தில் நின்றால் இன்னொன்று தெரியாது. மார்கழிப் பனியில் பக்கத்தில் நிற்கிற ஆளே தெரியாது. ஆகவே எல்லாம் குரல்தான். மேலிருந்து கத்துவார்கள், கீழிருந்து கத்துவோம்.

இப்போது நான் களத்தில் காப்பி காய வைக்கிறேன். அப்போது கழுவு வாய்க்காலில் இருந்தேன். பல்பருக்குப் பத்தடி தூரம்.

அவர் வருவதற்கு முந்தின பருவத்தில் ஒரு விபத்து. பல்பரின் வாயில் குச்சி ஒன்று சிக்கிக்கொண்டது. மிஷினை நிறுத்திவிட்டு, பழனியம்மா அக்கா உள்ளே கை விட்டு அதை எடுத்துக்கொண்டிருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் மோட்டார் ரூமில் மாது அண்ணன் இருந்தார். இருபது வருடமாக அந்த சுவிட்ச் அவர் கையில்தான். எப்போதும்போல் கத்திக் கேட்டார், "ஓட்டட்டுமா?" இந்தப் பக்கமிருந்து "சரிங்க" என்று குரல் போயிற்று. அவர் சுவிட்சைப் போட்டார்.

பழனியம்மா அக்காவுக்கு வலது கையில் இரண்டு விரல் பாதிக்கு மேல் போய்விட்டது.

அந்த "சரிங்க" என்னுடையது.

நான் பார்க்கவில்லை. வாய்க்காலில் குனிந்து கொட்டையைத் தள்ளிக்கொண்டிருந்தேன். முதுகுப் பக்கம் பல்பர். மேலேயிருந்து பெரியவர் ஒருத்தர் கேட்டார், வாய் பதில் சொல்லிவிட்டது. எங்கள் பக்கத்தில் இது பழக்கம். கேட்டது காதுக்குள் போவதற்கு முன்னாலேயே சரிங்க வெளியே வந்துவிடும். அதில் பொய் இல்லை. கூப்பிட்ட குரலுக்குக் கொடுக்கிற மரியாதை அது. அன்றைக்கு அந்த மரியாதைதான் கையை வெட்டியது.

ரைட்டர் விசாரித்தபோது மாது அண்ணன் சொன்னார், "கேட்டனுங்க. சரின்னு கொரல் வந்துச்சுங்க. பொம்பளக் கொரலு."

"யாரு கொரலு?"

"தண்ணிச் சத்தத்துல அது தெரியலீங்க."

வாய்க்காலில் நாங்கள் ஆறு பெண்கள். ஆறு பேரும் பேசவில்லை. ஐந்து பேருக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. விபத்துப் புத்தகத்தில் "கேட்காமல் சுவிட்ச் போட்டதால்" என்று எழுதினார்கள். மாது அண்ணனைக் குழி வெட்ட அனுப்பிவிட்டார்கள். சேர்வராயன் கோயிலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் பண்ணுகிறேன் என்றார். "சாமியெல்லாம் எதுக்கு இழுக்கறே, போய் வேலையப் பாரு" என்று ரைட்டர் முடித்துவிட்டார். அதற்குப் பிறகு மாது அண்ணன் தினமும் காதில் பூண்டெண்ணெய் விட்டுக்கொள்வதாக அவர் வீட்டில் சொன்னார்கள். அந்த வருடம் கோயில் திருவிழாவில் சாமி இருக்கிற குகைக்குள் நான் போகவில்லை. கூட்டமாக இருக்கிறது என்று சொல்லி வெளியிலேயே நின்றுவிட்டேன்.

பழனியம்மா அக்கா, எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கிற லைனில் எனக்குப் பக்கத்து வீடு. கை ஆறியதும் திரும்ப வேலைக்கு வந்தார். அதே பல்பர், அதே வேலை. தினமும் காலையில் என் வாசலில் நின்று, "ஏங்கண்ணு, கெளம்பியாச்சா?" என்று கூப்பிடுவார். சேர்ந்து நடப்போம். அவர் தூக்குச்சட்டியை இடது கையில் பிடித்திருப்பார். சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைப்பேன். ஒவ்வொரு நாளும் அது ஒரு நாள் பழையதாகிக்கொண்டே போனது.

இந்த விபத்துக்குப் பிறகுதான் முதலாளி மிஷின்களுக்குக் கம்ப்யூட்டர் வைக்கலாம் என்று அவரை வரவழைத்தார். ஆபீசில் பெரிய பெட்டி ஒன்று, அதிலிருந்து எல்லா மிஷினையும் ஓட்டலாம் என்று முதலாளி நினைத்திருக்கிறார். இவர் அதற்குச் சம்மதிக்கவில்லை. ஏழு சின்னப் பெட்டிகள், ஒவ்வொரு மிஷினுக்குப் பக்கத்திலும் ஒன்று. ஒவ்வொன்றும் தன் கண் முன்னால் இருப்பதைப் பார்த்துத் தன் வேலையைத் தானே முடிவு செய்யும். பார்த்ததை மற்ற பெட்டிகளுக்குச் சொல்லும்.

ரைட்டருக்கு இது பிடிக்கவில்லை. "ஏனுங்க மேடம், ஆளாளுக்கு முடிவு பண்ணுனா எஸ்டேட் என்னத்துக்கு ஆகறது? மேல ஒருத்தரு இருக்கோணுமில்லீங்களா?"

"ஆபீஸ்ல உக்காந்தா பல்பர் வாயில கை இருக்கறது தெரியுமா?"

நான் குனிந்துகொண்டேன்.

முதல் இரண்டு வாரம் எங்கள் சரிங்கவிடம் அவர் நன்றாக ஏமாந்தார். ஒருநாள், "அண்ணா, அந்த வால்வை மூடிருங்க" என்று ஒருவரிடம் சொன்னார். "சரிங்க" என்றார் அவர். மூடியாயிற்று என்று இவர் நோட்டில் எழுதிக்கொண்டார். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது.

"சரின்னு சொன்னீங்களே?"

"நீங்க சொன்னது கேட்டுச்சுங்க. அதான் சரின்னேன். மூடறதுக்குள்ள டீக்கு மணி அடிச்சுப்போட்டாங்க."

கோபப்படுவார் என்று நினைத்தோம். அவர் பக்கத்திலிருந்த பைப்பின் மேல் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு தன் கதை ஒன்றைச் சொன்னார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பால் பண்ணைக்கு அவர் புரோகிராம் எழுதியிருக்கிறார். "வால்வை மூடுன்னு நான் சொன்னேன். சொன்ன உடனே மூடியாச்சுன்னு நானே குறிச்சுக்கிட்டேன். வால்வுகிட்ட ஒரு வார்த்தை கேக்கல. அது துருப்பிடிச்சுப் பாதியில நின்னுருக்கு." விடிந்து பார்த்தால் தொட்டி நிரம்பி, பண்ணை முழுக்கப் பால். வாட்ச்மேனின் செருப்பு கேட் வரைக்கும் மிதந்து போயிருக்கிறது. நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து, "பாலுங்கறதால சிரிக்கறேன்" என்றார்.

அதனால்தான் அவருடைய பெட்டிகளுக்குச் சரி என்று சொல்லத் தெரியாது. வேண்டுமென்றே அப்படி எழுதியிருந்தார். மூடு என்று சொன்னால் பெட்டி சரி என்று சொல்லாது. மூடிவிட்டு, பார்த்துவிட்டு, "மூடியிருக்கு" என்று சொல்லும். மூடவில்லை என்றால் "திறந்திருக்கு". தெரியவில்லை என்றால் "தெரியல". இந்த மூன்றுதான். "தெரியலன்னு சொல்றது தப்பே இல்லக்கா. தெரியலன்னா பக்கத்துல இருக்கறவன் ஓடக் கூடாது, நிக்கணும். அவ்வளவுதான் என் புரோகிராம். மிச்சமெல்லாம் வெட்டி எழுத்து" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். அவர் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். நான் பேச மாட்டேன் என்பதாலோ என்னவோ, என் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிடுவார்.

இந்தக் குணம் மிஷினோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பாய் கடையில் சர்க்கரை இல்லாமல் டீ கேட்பார். பாய் "சரிம்மா" என்பார். இவர் பாய்லருக்குப் பக்கத்திலேயே போய் நின்று பார்ப்பார்.

"ஏம்மா, என்ற டீ கிளாசுக்கும் ஒரு பொட்டி வச்சுப்போடுவீங்களாட்ட இருக்குதே?"

"வச்சா நல்லதுதான் பாய். நேத்து சக்கரை இருந்துச்சு."

"நேத்து என்ற மவன் போட்டானுங்க."

"அதான், யாரு போட்டாலும் சொல்ற பொட்டியா வைக்கறேன்."

பாய் தலையில் அடித்துக்கொண்டு சிரிப்பார். மறுநாள் இவர் தலை தெரிந்ததும், "கிட்ட வாங்கம்மா, நல்லாப் பாத்துக்குங்க" என்று சர்க்கரை டப்பாவைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்துக் காட்டுவார்.

வீட்டிலும் அப்படித்தான் போலிருக்கிறது. களத்தின் ஓரத்தில் சில்வர் ஓக் மரத்தடியில்தான் செல்போனுக்கு சிக்னல் கிடைக்கும். அங்கே நின்று அவருடைய அம்மாவிடம் பேசுவது எங்களுக்குக் கேட்கும். "மாத்திரை போட்டியா? போட்டேன்னு சொல்லாதம்மா. அட்டையில எத்தனை மிச்சம் இருக்கு, எண்ணிச் சொல்லு." ஒருநாள் அப்படிக் கேட்டவர், போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள். வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. "நம்பலைன்னு நினைக்கறாங்கக்கா" என்றார். அந்த அம்மா நினைத்ததும் சரிதான் என்று எனக்குப் பட்டது. பெற்ற தாயிடம் எண்ணிச் சொல் என்றால் யாருக்கும் வலிக்கும். அவர் பக்கத்தில் இருந்தபோது எனக்கு எப்போதும் பாதி பிரியம், பாதி பயம்.

அவர் வேலை முடித்துப் போன பிறகு ஐப்பசி மழையில் ஒரு மரம் சாய்ந்து, பெட்டிகளை இணைக்கும் வயர் பல்பருக்கும் மோட்டார் ரூமுக்கும் நடுவில் அறுந்துவிட்டது. ஆபீசில் ஒருவருக்கும் தெரியாது. பல்பர் பெட்டியிடமிருந்து பேச்சு வரவில்லை என்றதும் மோட்டார் பெட்டி மோட்டாரை நிறுத்திவிட்டது. மேலே தொட்டிப் பெட்டி மட்டும் தொட்டி நிறைகிறவரை தன் பாட்டுக்குத் தண்ணீரை ஏற்றிக்கொண்டு, நிறைந்ததும் நின்றது. ஒருவர் உத்தரவும் இல்லாமல் எல்லாம் அதனதன் இடத்தில் ஒழுங்காக நின்றிருந்ததை ரைட்டரே நாலு பேரிடம் சொன்னார். மேடத்திடம் சொல்லியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். "நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் சந்தோஷப்படுவார்.

நான் எழுத வந்தது அதற்கு முன்னால் நடந்தது.

பெட்டிகளுக்கு எழுதும் வேலை முடியப்போகிற சமயம். அந்த விபத்து எப்படி நடந்தது என்பது அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. மாது அண்ணன் கேட்காமல் சுவிட்ச் போட்டார் என்றால், சுவிட்சுக்கு ஒரு பூட்டு வைத்தால் போதும். அவர் கேட்டிருந்து, பார்க்காத ஒருவரிடமிருந்து பதில் வந்தது என்றால், பூட்டு வைத்துப் பிரயோஜனம் இல்லை. பல்பரின் வாய்க்கே ஒரு மூடி போட வேண்டும். மூடி மூடியிருப்பதைப் பெட்டி தானே பார்த்தால்தான் மோட்டார் ஓட வேண்டும். முதலாளி போனில், புத்தகத்தில் எழுதியிருப்பதற்கு மட்டும் செய்தால் போதும், பூட்டு போதும் என்றுவிட்டார்.

அவர் எங்கள் ஆறு பேரிடமும் தனித்தனியாக வந்தார். யார் சொன்னது என்று கேட்கவில்லை. "அன்னிக்கு நீங்க என்ன பாத்தீங்க?" என்றுதான் கேட்டார்.

"ஒண்ணும் பாக்கலீங்க" என்றேன்.

அப்படியே எழுதிக்கொண்டார். அது உண்மைதான். அந்த உண்மைக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்களைக் களத்துக்கு வரச் சொன்னார். மறுநாள் சேலத்துக்குச் சாமான் லிஸ்ட் போக வேண்டும். அதற்கு முன்னால் பெட்டிகள் ஒன்றோடொன்று எப்படிப் பேசும் என்பதை ஆட்களை வைத்து நடத்திப் பார்க்கப் போகிறேன், கம்ப்யூட்டரில் தெரியாத ஓட்டை இதில் தெரியும் என்றார். பனி விலகி வெயில் ஏறியிருந்தது. ஏழு பேரை வரிசையாக நிறுத்தினார். ஆளுக்கு, கேட்க வேண்டியதையும் சொல்ல வேண்டியதையும் எழுதிய ஒரு அட்டை. ரைட்டரைக் கழிவுக் குழி என்றார்.

"நல்லாத்தான் பாத்து எடம் குடுத்தீங்க" என்று பழனியம்மா அக்கா சொல்ல, ரைட்டர் உட்படச் சிரித்தார்கள்.

மாது அண்ணனைக் குழி வெட்டுகிற இடத்திலிருந்து கூப்பிட்டு வந்திருந்தார். மோட்டார் வேலை தெரிந்தவர்தான் மோட்டாராக நிற்க வேண்டும் என்றார். கையில் மண்ணோடு வந்து நின்றார் மாது அண்ணன். அவருக்கு அடுத்து பல்பர். மேடம் என்னைப் பார்த்து, "அக்கா, நீங்க நில்லுங்க" என்றார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒருவரை ஒருவர் பார்க்கக் கூடாது என்று எல்லோரையும் முதுகு காட்டித் திரும்பி நிற்கச் சொன்னார். எனக்குப் பக்கத்தில் பழனியம்மா அக்கா கூடையோடு உட்கார்ந்தார். கூடைக்குள் அவர் கை விட்டால் பல்பருக்குள் கை இருக்கிறது என்று அர்த்தம்.

"மிச்ச வெரலையும் எடுத்துப்போடாதீங்க சாமி" என்றார் பழனியம்மா அக்கா. மறுபடி சிரிப்பு.

முதல் இரண்டு ஆட்டம் ஒழுங்காகப் போயிற்று. ஊற்று மோட்டார் "தண்ணி வருது" என்றது. தொட்டி "பாதி இருக்கு" என்றது. நடுவில் தண்ணீர் நின்றதாக அவர் சைகை காட்டியபோது மட்டும் எல்லோரும் வழக்கம்போல் ரைட்டர் பக்கம் திரும்பிவிட்டார்கள். ரைட்டர் பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தார். "அவர் கழிவுக் குழி, அவரை எதுக்குப் பாக்கறீங்க?" என்றார் மேடம். சிரித்துச் சிரித்துக் களமே கலகலவென்று ஆகிவிட்டது. எனக்கும் கொஞ்சம் பயம் விட்டிருந்தது. கையிலிருந்த அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துக்கொண்டு நின்றேன்.

மூன்றாவது ஆட்டத்தில், எனக்கு முதுகுப் பக்கமிருந்து மாது அண்ணன் கேட்டார். அட்டையில் இருந்தபடி "பல்பர் என்ன நிலை?" என்றுதான் கேட்டிருக்க வேண்டும். பழக்கத்தில் பழைய மாதிரியே கத்திவிட்டார்.

"ஓட்டட்டுமா?"

"சரிங்க" என்றேன்.

"ஐயையோ, போச்சு!" என்று பழனியம்மா அக்கா கூடைக்குள்ளிருந்து கையை உருவிக் காட்டினார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன்.

மாது அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. திரும்பி நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குத் தண்ணீர்ச் சத்தம் இருந்தது. களத்தில் தண்ணீர்ச் சத்தம் இல்லை. காதை ஒருமுறை தடவிக்கொண்டார். பழனியம்மா அக்கா அவர் முகத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். சிரிப்பு ஒவ்வொருவராக நின்றது.

மேடத்துக்குப் புரிந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் எல்லோரிடமும் கேட்பதைத்தான் என்னிடமும் கேட்டார்.

"அக்கா, சரின்னு சொல்றதுக்கு முன்னால என்ன பாத்தீங்க?"

"பாக்கலீங்க."

"பாக்காம எதுக்குச் சொன்னீங்க?"

"பெரியவங்க கேட்டாங்க. பேசாம நின்னா மரியாதையா இருக்காதுங்க."

அவர் தலையாட்டிவிட்டு நோட்டைத் திருப்பினார். "பரவாயில்லை, மறுபடி பண்ணலாம். எல்லாரும் திரும்பி நில்லுங்க" என்றார். எல்லோரும் திரும்பினார்கள். மாது அண்ணனும் திரும்பினார். நான் மட்டும் திரும்பவில்லை. மண்ணும் வியர்வையுமாக அவர் சட்டையின் முதுகு எனக்கு முன்னால் இருந்தது. அன்றைய குரல் யாருடையது என்று அவர் கேட்கப்போவதில்லை என்று தெரிந்தது. அவரும் கேட்காவிட்டால் இனி எவரும் கேட்க மாட்டார்கள். பூட்டு வரும். பழனியம்மா அக்கா திங்கட்கிழமை திரும்ப அதற்குள் கை விடுவார்.

"அன்னிக்கும் பாக்கலீங்க" என்றேன்.

குரல் வெளியே வந்ததா என்று எனக்கே சந்தேகம். வந்திருந்தது. ரைட்டர்தான் முதலில் பேசினார்.

"அட, இப்ப எதுக்கு அந்தப் பழங்கதை?"

"பழசு இல்லைங்க" என்றார் மேடம். "நாளைக்கு சேலத்துல செய்யச் சொல்லப்போற மூடி இது." பிறகு என்னிடம் திரும்பி, "முழுசா சொல்லுங்கக்கா" என்றார்.

சொன்னேன். குனிந்திருந்தேன், முதுகுப் பக்கம் பல்பர் இருந்தது, மாது அண்ணன் கேட்டார், நான் சரிங்க என்றேன், பார்க்கவில்லை. நாலு வரிதான். ஒரு வருடமாக அது நாலு வரி என்று எனக்குத் தெரியவில்லை. அவர் பென்சிலால் எழுதி, எனக்கே வாசித்துக் காட்டி, "இப்படித்தானே?" என்றார். சரிங்க என்று வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, "அப்படித்தான் நடந்துச்சுங்க" என்றேன். என்னைத் திட்டவில்லை. பாராட்டவும் இல்லை. தோளில் கை வைப்பார் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது, அதுவும் இல்லை. எழுதியதன் கீழே ஒரு கோடு போட்டார்.

மாது அண்ணன் களத்தின் தரையில் உட்கார்ந்துவிட்டார். "கொரல் வந்துச்சுல்லீங்க? வந்துச்சுதான?" என்று மேடத்திடம் கேட்டார். "எனக்கு வேறெதுவும் வேண்டாமுங்க. காதுதான் கெட்டுப்போச்சாட்டன்னு நானே நம்பிப்போட்டேன். நொம்ப நாளா ஊட்ல கூப்படறதையெல்லாம் ரெண்டு தடவ கேட்டுக்கிட்டு இருக்கறேன்."

நான் பழனியம்மா அக்கா பக்கத்தில் போய், "அக்கா" என்றேன். அவர் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டார். "கூடை என்னுது" என்று சொல்லி, என் காலடியில் கிடந்த கூடையை எடுத்துக்கொண்டு நடந்து போனார்.

மறுநாள் திங்கட்கிழமை. மாது அண்ணன் மோட்டார் ரூமுக்குத் திரும்பினார். பல்பர் வாய்க்கு மூடி போட அளவு எடுத்தார்கள். டேப்பின் ஒரு முனையை மேடமும் மறு முனையைப் பழனியம்மா அக்காவும் பிடித்துக்கொண்டார்கள் என்று பிறகு சொன்னார்கள். என்னைக் களத்துக்கு மாற்றியிருந்தார்கள். காலையில் என் வாசலில் கூப்பிடுகிற குரல் கேட்கவில்லை. ஏழரை வரை பார்த்துவிட்டு நான் தனியாக நடந்து போனேன்.